ரோசியும் பிஸ்கற் பேணியும்

"நாயின்ர சிறுநீரைப் பற்றியே எழுதப் போறீங்கள்? அதுவும் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரிலையோ?" என்று என் மனைவி கேட்டபோது எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டானது மெய்தான். தேநீர்க் கோப்பையும் கையுமாகப் பத்திரிகையை விரிக்கும் அன்பர்கள் முகஞ்சுழிக்கக்கூடும். ஆயினும், 2022ஆம் ஆண்டில் எங்கள் வீட்டில் நிகழ்ந்தவற்றை எண்ணிப் பார்க்குந்தோறும், நோயினாற் பட்ட துன்பத்தைவிடக் கூச்சத்தினாற் பட்ட துன்பமே பெரிது என்று தோன்றுகின்றது. ஆகையால் அக்கூச்சத்தைச் சிறிது நேரம் படலைக்கு வெளியே நிறுத்திவிட்டு எழுத முற்படுகின்றேன்.

கொழும்பிலிருந்து களனி கங்கைப் பாலத்தைக் கடந்து, வத்தளையிலே கடற்பக்கமாகத் திரும்பிச் சிறிது தூரம் வந்தால் ஹெந்தளை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கேட்கும் வாடகைக்கு ஈடுகொடுக்க இயலாத என் போன்ற ஆசிரியர் சிலர் இப்பக்கம் வந்து குடியேறியிருக்கின்றோம். நான் கொட்டாஞ்சேனையிலுள்ள ஒரு கல்லூரியில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிப்பவன். இதனை வாசகர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும்; பின்னால் எனக்கு வெட்கந் தரப்போவது இதுவே. வீட்டிலே மனைவி, மகள், தந்தையார் காலமான பின் வடமராட்சியிலிருந்து எங்களோடு வந்து தங்கிவிட்ட தாயார், இவர்களோடு ரோசி.

ரோசி ஊர் நாய்தான். 2017ஆம் ஆண்டு மழைக் காலத்தில், ஹமில்டன் கால்வாய்க் கரையிலே நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை என் மகள் பாடசாலைப் பைக்குள் வைத்துத் தூக்கி வந்தாள். அதற்கு 'வள்ளி' என்று பெயரிட வேண்டுமென்பது அவள் ஆசை. "முருகன்ர பெண்சாதியின்ர பேரையோ நாய்க்கு வைக்கிறது?" என்று அப்பாச்சி தடுத்துவிட்டமையால் அது ரோசியாயிற்று. என் தாயார் சைவ ஆசாரத்தில் ஊறியவர். நாய் விறாந்தை வரைக்குமே வரலாம். இரவிற் பின்வளவுக் கொட்டிலில் அடைபட வேண்டும். சுவாமி அறைப்பக்கம் அதன் நிழலும் விழலாகாது. இவை அவர் வகுத்த சட்டங்கள். ஐந்தாண்டு காலம் ரோசி அச்சட்டங்களுள் ஒன்றையேனும் மீறியதில்லை. என் வகுப்பு மாணவரைப் பற்றி அவ்வாறு சொல்ல என்னால் இயலாது.

2022 மார்ச் மாதத்தில் ஒருநாள் காலை, கூடத்தின் நடுவே, சுவாமி அறை வாசலுக்கு நேராகச் சிறு குளம்போல நீர் தேங்கி நின்றது. அம்மா மஞ்சள் நீர் தெளித்தார், முணுமுணுத்தார், அன்று முழுவதும் ரோசியைப் பார்க்க மறுத்தார். அடுத்தடுத்த நாட்களிலே வேறு குறிகளும் தென்பட்டன. முற்றத்திலே நாலடிக்கு ஒரு தரம் குந்துவாள். சில துளிகளே விழும். எழுந்து போய் மீண்டுங் குந்துவாள். பின்பக்கத்தை ஓயாமல் நக்கிக்கொண்டேயிருப்பாள். சிறுநீரில் அமோனியாவின் காரமான வாடை வீசிற்று. அருகிலிருந்த ஒரு மிருக வைத்தியரிடம் காட்டினோம். அவர் அடிவயிற்றை அமுக்கிப் பார்த்து, சிறுநீர்ப்பையிலே கிருமித் தொற்று என்று கூறி, ஒரு வாரத்துக்கு அமொக்சிசிலின் குளிசை கொடுத்தார். மூன்றாம் நாளே சுகம். ஏழு நாளும் ஒழுங்காகக் கொடுத்து முடித்தோம். அத்துடன் அக்காரியம் தீர்ந்தது என்று நம்பினோம்.

பெண் நாய்களுக்கு இந்நோய் வருவது அரிதன்று. சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் சிறுநீர்வழி பெண் நாய்க்குக் குறுகிய நீளமும் அகலமும் உடையது. ஆகவே குடலிலும் தோலிலும் வாழும் பற்றீரியாக்கள் அவ்வழியே மேலேறுதல் எளிது. வாழ்நாளில் ஒரு முறையாவது இத்தொற்றுக்கு ஆளாகும் நாய்கள் நூற்றுக்கு 14 வரையில் இருக்கும் என்று மிருக வைத்திய நூல்கள் கூறும். உடம்பு இதற்கெதிராக வைத்திருக்கும் முதற் காவல் மிக எளியது: அடிக்கடி சிறுநீர் கழித்துக் கிருமிகளை அடித்துக்கொண்டு போய்விடுதல். மாலை ஆறு மணி முதற் காலை ஆறு மணி வரை கொட்டிலில் அடைபட்டுக் கிடந்த ரோசிக்கு அந்தக் காவலையும் நாங்கள் குறைத்துவிட்டிருந்தோம். இதெல்லாம் எனக்குப் பின்னரே புரிந்தது.

ஜூன் மாதம் வந்தது. நாடு எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற காலம் அது. மருந்தகங்களில் 'இல்லை' என்பதே மறுமொழியாக இருந்தது. கொழும்புப் பாடசாலைகள் மூடப்பட்டமையால் நான் வீட்டிலிருந்தேன். வீட்டிலிருக்கும் ஆசிரியன் நல்ல துணையல்லன் என்பதை என் மனைவி சொல்லித்தான் அறிய வேண்டுமென்பதில்லை. விலைவாசி, சம்பளம், மின்வெட்டு என்று எல்லாவற்றின் மேலும் எனக்குக் கோபம். அந்நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் விறாந்தையிலிருந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருக்கையில், என் சாய்மனைக் கதிரையின் காலருகே ரோசி வந்து குந்தினாள். கையிலிருந்த பத்திரிகையைச் சுருட்டி ஓங்கி அடித்தேன். ஐந்தாண்டில் அவள் மேல் விழுந்த முதல் அடி அதுவே. அவள் ஓடவில்லை. அடியை வாங்கிக்கொண்டே மறுபடியும் குந்தினாள். இரண்டு துளி விழுந்தன. அவற்றுள் ஒன்று சிவப்பாயிருந்தது.

என் மகள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒன்றும் பேசவில்லை. நிலத்தைத் துடைப்பதற்குத் துணி எடுத்து வந்தாள்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய பிஸ்கற் பேணி உண்டு. முடிக்காமல் விட்ட மருந்துகளெல்லாம் அதற்குள் அடைக்கலம் புகும். காசும் மருந்தும் தட்டுப்பட்ட அந்த மாதத்தில் அது எனக்குக் களஞ்சியமாகத் தோன்றிற்று. பேணியைக் கிளறியபோது, 'அமொக்சிசிலின்' என்று எழுதிய சிறு உறையொன்று அகப்பட்டது. மனிதருக்குக் கொடுத்த குளிசைதான். ஆனால் வைத்தியர் ரோசிக்குக் கொடுத்ததும் இதே பெயருடைய மருந்தல்லவா? உறையில் எழுதப்பட்டிருந்த நோயாளியின் பெயரை நான் கவனிக்கவில்லை. அரைக் குளிசையை, நாளுக்கு இரு தரம் கொடுக்க வேண்டியதை ஒரு தரமாக, சோற்றுருண்டைக்குள் வைத்துக் கொடுத்தேன். நான்கு நாளிற் குளிசையும் தீர்ந்தது; ரோசியும் தேறினாள். வைத்தியர் கட்டணமும் முச்சக்கர வண்டிக் கூலியும் மிச்சம் என்று மனைவியிடம் பெருமையும் பேசினேன்.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 1928இற் பெனிசிலினைக் கண்ட அலெக்சாந்தர் பிளெமிங், 1945 டிசம்பரில் நிகழ்த்திய நோபெல் உரையிலே ஒரு கற்பனை மனிதரைக் காட்டுகிறார். அவருக்குத் தொண்டையிலே புண். தாமே பெனிசிலின் வாங்கிக் கிருமியைக் கொல்லப் போதாத, ஆனால் அதனைப் பழக்கிவிடப் போதுமான அளவில் உட்கொள்கிறார். பழகிய கிருமி அவர் மனைவியைத் தொற்றுகிறது. அவளுக்குப் பெனிசிலின் பலிக்கவில்லை, இறந்துபோகிறாள். இக்கதையை நான் ஒவ்வோராண்டும் உயர்தர வகுப்பிலே, கரும்பலகையில் அம்புக்குறிகள் இட்டு விளக்குவதுண்டு. பரீட்சைக்கு வரும் என்றும் சொல்வதுண்டு.

ஓகஸ்டில் நோய் மூன்றாம் முறை வந்தது. இம்முறை வேறொரு வைத்தியரிடம் போனோம். அவர் இன்னும் கடுமையான ஒரு மருந்தைப் பத்து நாளுக்கு எழுதித் தந்தார். நல்ல சுகம். மருந்து முடிந்து மூன்று வாரங்கழித்து மீண்டும் சிவப்புத் துளி. மருந்தின் பெயர் மாறியதன்றி எவரும் வேறொன்றும் செய்யவில்லை, நானும் கேட்கவில்லை. நோய் வருகிறது, மருந்து கொடுக்கிறோம், போகிறது, வருகிறது. கடனுக்கு வட்டி கட்டுவதுபோல அது எங்களுக்குப் பழகிவிட்டது.

அம்மாவின் பொறுமை ஒக்டோபரில் எல்லை கடந்தது. "தம்பி, இனி ஏலாது. இதை எங்கையாவது கொண்டுபோய் விட்டிட்டு வா" என்றார். அவர் குரலில் வெறுப்பைவிட வேறேதோ ஒன்று இருந்தது. அஃது என்னவென்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

எங்கள் பகுதியிலே ஒல்லாந்தர் 1708இல் நிறுவிய தொழுநோய் வைத்தியசாலை உண்டு. நோய் கண்டவரை ஊரிலிருந்து பிரித்து, ஆற்றுக்கும் கடலுக்கும் அண்மையில் ஒதுக்கி வைப்பதற்கென எழுந்த இடம் அது. அன்று மாலை அவ்வழியே நடந்தபோது அம்மாவின் சொல் காதில் ஒலித்துக்கொண்டேயிருந்தது. அந்த வைத்தியசாலையின் நோய்க்கும் ஒரு படிப்பினை உண்டு. டாப்சோன் என்ற ஒரே மருந்தை ஆண்டுக்கணக்காகக் கொடுத்துவரத் தொழுநோய்க் கிருமி அதற்கு அடங்க மறுத்தது. அதன் பின்னரே, 1981இல் உலக சுகாதார நிறுவனம் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையை விதந்துரைத்தது. இலங்கையில் 1983இல் அம்முறை வந்தது. நோயாளியை வெளியே தள்ளிக் கதவடைத்து இருநூறாண்டுக்கு மேல் தீராத நோய், கிருமியின் போக்கை அறிந்து மருந்து கொடுத்தபோது தீரத் தொடங்கிற்று. இதனை நினைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். ரோசியை எங்கும் விடுவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். ஆனால் அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

சக ஆசிரியர் ஒருவர் சொல்லி, பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்திற் கற்று வெளியேறிய ஓர் இளம் பெண் வைத்தியரைத் தேடிப் போனோம். நாயை ஏற்ற இரண்டு முச்சக்கர வண்டிக்காரர் மறுத்தனர். மூன்றாமவர், ஆசனத்தின் மேற் பழைய பத்திரிகைகளைத் தடிப்பாக விரித்த பின்பு இணங்கினார். அவ்வாண்டில் எங்கள் வீட்டிற் பத்திரிகை பயன்பட்ட விதங்களை எண்ணி நான் தலைகுனிந்திருந்தேன்.

வைத்தியர் ரோசியைத் தொடுவதற்கு முன் என்னையே பரிசோதித்தார்.

"இது எத்தனையாம் முறை, சேர்?"

"நாலாம் முறை."

"எட்டு மாதத்துக்குள்?"

"ஓம்."

"நாலு முறையில் ஒரு முறையாவது சிறுநீரைச் சோதித்ததா?"

"இல்லை."

"நித்திரையிலே தானாக ஒழுகுகிறதா, அல்லது விழித்திருந்து முக்கிப் போகிறதா?"

இக்கேள்வியின் பொருளை அவரே விளக்கினார். கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்த பெண் நாய்களுட் சிலவற்றுக்கு, சிறுநீர்வழியின் தசை தளர்ந்து, உறக்கத்திலே நீர் ஒழுகும். அஃது வேறு நோய். கிருமிக்கான மருந்து அதற்கு உதவாது. ரோசி முக்கிக் குந்துவதாற் சிறுநீர்ப்பை அழற்சிதான். ஆனால் ஆறு மாதத்துக்குள் இரு முறையோ, ஓராண்டுக்குள் மூன்று முறையோ வருமாயின், அதனைத் தனித்தனி நோயாகக் கருதலாகாது. மீண்டும் மீண்டும் வருவதற்கு உள்ளே ஒரு காரணம் இருத்தல் வேண்டும் என்றார். நீரிழிவாக இருக்கலாம், சிறுநீரக நோயாக இருக்கலாம், அட்ரினற் சுரப்பி மிதமிஞ்சிச் சுரப்பதாலும் இருக்கலாம், பிறவியிலேயே அமைந்த உறுப்புக் குறையாகவோ, கட்டியாகவோ, கல்லாகவோ இருக்கலாம்.

நிலத்திலே தேங்கியதையோ பிடித்துக் கொண்டுவந்ததையோ அவர் ஏற்கவில்லை. அதிலே தோலிலும் மயிரிலும் உள்ள கிருமி கலந்துவிடும். ரோசியை மல்லாத்திப் படுக்கவைத்து, ஒலியலைக் கருவியிற் பார்த்தபடியே, மெல்லிய ஊசியை அடிவயிற்றினூடாகச் சிறுநீர்ப்பைக்குட் செலுத்திச் சில மில்லிலீற்றர் நீரை எடுத்தார். நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவளோ என் கையை நக்கினாள். பத்திரிகை சுருட்டிய கை அதுவே. பின்னர் எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கக் கொழும்புக்கு ஒரு கடிதந் தந்து, "இதுவரை கொடுத்த மருந்துகள் எல்லாவற்றையும், உறைகளோடு, அடுத்த முறை கொண்டு வாருங்கள்" என்றார்.

உயிரியல் ஆசிரியன் அரைக் குளிசைக் கதையைச் சொல்ல நேர்ந்தது. அவர் கடிந்துகொள்ளவில்லை. "அமொக்சிசிலினாய் இருந்தது உங்கள் அதிர்ஷ்டம். நோவுக்கான ஐபுபுறோபென் போன்றதாய் இருந்திருந்தால் நாயின் இரைப்பையும் சிறுநீரகமும் கெட்டிருக்கும்" என்று மாத்திரம் சொன்னார். பூனைக்குப் பரசிற்றமோல் ஒரு குளிசையே உயிரைப் போக்கிவிடும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

அன்றிரவு பிஸ்கற் பேணியை மேசையிற் கவிழ்த்தேன். ரோசிக்குக் கொடுத்த குளிசையின் வெற்று உறையை விளக்கருகே பிடித்து முதன் முறையாக வாசித்தேன். என் தாயாரின் பெயர். திகதி 2021 நவம்பர். கீழே இன்னும் இரண்டு உறைகள் இருந்தன: ஒன்று 2022 பெப்ரவரி, மற்றது ஜூலை. எல்லாவற்றிலும் அவர் பெயரே. எல்லாம் கிருமிக்கான மருந்துகளே. பின்னைய இரண்டிலும் குளிசைகள் பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தன.

நான் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருக்கமாட்டார். என் மனைவியே மெல்ல விசாரித்தாள். வீதி முனையிலுள்ள தனியார் மருந்தகத்துக்கு, கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, அம்மா மூன்று முறை தனியே போயிருக்கிறார். சிறுநீர் கழிக்கையில் எரிவு, இரவிற் பத்துத் தரம் எழும்ப வேண்டிய தொல்லை, அடிவயிற்றில் நோவு. மகனிடம் எப்படிச் சொல்வது? மருமகளுக்கு ஏன் தொந்தரவு? எரிவு தணிந்ததும் மீதிக் குளிசையை, வீணாக்கக் கூடாதென்று, பேணியில் இட்டுவிடுவார். எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு, விறாந்தைப் பக்கம் பார்த்தபடி, "அந்த எரிவு எனக்குத் தெரியும் பிள்ளை. அது குந்திக் குந்தி எழும்பிறதைப் பார்க்க எனக்கு ஏலாமல் கிடந்தது. அதுதான் கொண்டுபோய் விடச் சொன்னனான்" என்றாராம்.

ஒரே கூரையின் கீழே, ஒரே நோயை இருவர் அனுபவித்திருக்கின்றனர். ஒருத்திக்குப் பேச வாயில்லை. மற்றவருக்கு வாயிருந்தும் பேசக் கூச்சம். நடுவிலே நான் பற்றீரியாவைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

முதலிலே ரோசியின் கதையை முடித்துவிடுகிறேன். படத்திலே சிறுநீர்ப்பைக்குள் இரண்டு கற்கள் வெண்மையாகத் தெரிந்தன. ஒன்று கச்சான் விதையளவு, மற்றது பயறளவு. சிறுநீரை வளர்ப்பு ஊடகத்தில் இட்டுப் பார்த்ததில், நாய்களின் தோலிலே இயல்பாக வாழும் ஒரு வகை ஸ்டபிலோகொக்கஸ் கிருமி முளைத்திருந்தது. எந்தெந்த மருந்துக்கு அது மடியும், எதற்கு மடியாது என்ற பட்டியலும் வந்தது. அமொக்சிசிலினுக்கு எதிரே 'எதிர்ப்புடையது' என்றிருந்தது. அமொக்சிசிலினோடு கிளவுலானிக் அமிலஞ் சேர்ந்த மருந்துக்கு மடியும் என்றிருந்தது. "நீங்கள் கொடுத்த அரைக் குளிசையாற்றான் இப்படியானது என்று சொல்ல முடியாது, சேர். எதிர்க்கும் கிருமி சில முன்னரே இருந்திருக்கலாம். நீங்கள் மெலிந்தவற்றைக் கொன்று, வலியவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுத்தீர்கள்" என்றார் வைத்தியர். இவ்வளவு தெளிவாக நான் வகுப்பிலே விளக்கியதில்லை.

கல்லுக்கும் கிருமிக்குமுள்ள உறவு கேட்கத்தக்கது. இக்கிருமி யூரியேசு என்னும் நொதியத்தைச் சுரக்கிறது. அது சிறுநீரிலுள்ள யூரியாவைப் பிளந்து அமோனியாவை உண்டாக்குகிறது. முதல் நாள் தொட்டு எங்கள் மூக்கைத் துளைத்த வாடையின் இரகசியம் இதுவே. அமோனியாவினாற் சிறுநீர் காரத்தன்மை அடையவே, அதிற் கரைந்திருந்த மகனீசியமும் பொசுபேற்றும் அமோனியத்தோடு சேர்ந்து பளிங்காகப் படிகின்றன. இதற்கு ஸ்ட்ருவைற் கல் என்று பெயர். நாய்களுக்கு இவ்வகைக் கல் பெரும்பாலும் தொற்றினாலேயே உண்டாகிறது. பெண் நாய்களுக்கே மிகுதி. கல் வளர வளரக் கிருமிகள் அதன் படைகளுக்குள்ளே சிறைப்பட்டுக் கிடக்கும். அவ்விடத்துக்கு மருந்து சென்றெட்டாது. மருந்து கொடுக்கும்போது வெளியிலுள்ளவை மடியும். நாய் சுகமடைந்ததாகத் தோன்றும். மருந்து நின்றதும் உள்ளே ஒளிந்திருந்தவை புறப்படும். கிருமி கல்லைக் கட்டியது. கல் கிருமியைக் காத்தது. எத்தனை கடுமையான மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தாலும், கல் இருக்கும் வரை நாங்கள் வட்டிதான் கட்டிக்கொண்டிருந்திருப்போம்.

ஸ்ட்ருவைற் கல்லைச் சத்திரசிகிச்சையின்றிக் கரைக்கவும் கூடும். அதற்கெனச் செய்த உணவும், உரிய கிருமி மருந்தும் வாரக்கணக்காகக் கொடுத்தல் வேண்டும். அவ்வுணவு வெளிநாட்டிலிருந்து வருவது. அவ்வாண்டில் நாங்கள் விசாரித்த கடைகளில் அது இல்லை. ஆகவே நவம்பரிற் சத்திரசிகிச்சை. என் ஒரு மாதச் சம்பளத்திற் பெரும்பகுதி போயிற்று. மகள் தன் உண்டியலை உடைத்து எண்ணூற்றைம்பது ரூபா கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அதனை நான் வாங்கிக்கொண்டேன். வாங்காதிருந்தால் அவள் மனம் நொந்திருக்கும். எனக்கும் அது தேவையாயிருந்தது.

கற்களை வைத்தியர் ஒரு சிறு போத்தலில் இட்டுத் தந்தார். இப்போது அது எங்கள் கல்லூரி ஆய்வுகூட அலமாரியில் இருக்கிறது. யூரியாக் கரைசலும் சிவப்புப் பாசிச்சாயத்தாளுங் கொண்டு நொதியப் பாடம் நடத்தும்போது அப்போத்தலை மேசையில் வைப்பேன். "சேர், இது யாருடைய கல்?" என்று கேட்காத மாணவர் இல்லை.

அம்மாவை நாங்கள் அரசாங்க வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றோம். மனிதருக்கும், ஆறு மாதத்தில் இரண்டு, ஆண்டில் மூன்று என்ற அதே கணக்கைத்தான் வைத்தியர் சொன்னபோது, நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சிறுநீர்ச் சோதனையிற் கண்ட கிருமி எஷரிக்கியா கோலை. 1885இல் அதனை முதன்முதல் விவரித்த குழந்தை வைத்தியர் எஷரிக்கின் பெயரையே அது தாங்கி நிற்கிறது. குடலிலே சாதுவாக வாழ்ந்து, சிறுநீர்ப் பாதையிற் புகுந்தால் அழிவு செய்யும் இக்கிருமியே மனிதருக்கும் நாய்க்கும் இந்நோயைப் பெரும்பாலும் விளைப்பது. மீண்டும் மீண்டும் வந்த காரணத்தைத் தேடியபோது, அம்மாவின் இரத்தத்திற் சீனி மிகுந்திருந்தமை தெரியவந்தது. அவருக்கு நீரிழிவு இருந்ததை அதுவரை எவரும் அறியோம். சிறுநீரிலே சீனி கலந்தாற் கிருமிக்கு விருந்து. உடலின் எதிர்ப்புச் சக்தியும் தளரும். முதுமையிற் பெண்களுக்குச் சுரப்பு மாறுதலால் வரும் வறட்சியும் சேர்ந்துகொள்கிறது. ரோசியின் கல்லைத் தேடப் போயிராவிட்டால் அம்மாவின் சீனியை இன்னும் எத்தனை காலஞ் சென்று கண்டிருப்போமோ தெரியாது.

அசோகச் சக்கரவர்த்தியின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மனிதருக்கு ஒன்றும் விலங்குகளுக்கு ஒன்றுமாக இருவகை வைத்தியத்துக்கு ஏற்பாடு செய்ததைக் கூறுகிறது. சோழ பாண்டிய நாடுகளோடு தாமிரபரணியாகிய இவ்விலங்கையையும் அங்கே பெயர் சுட்டுகிறது. சரித்திர ஆசிரியரான என் நண்பர் இதனை எனக்குச் சொன்னபோது, அம்மாவும் அருகிலிருந்தார். "அந்த ராசாவுக்கும் வீட்டிலை ஒரு நாய் இருந்திருக்கும்" என்றார்.

மருந்து எத்தனை நாள் கொடுப்பது என்பதைப் பற்றி ஒரு சொல். குறித்த நாள் முழுவதும் கொடுக்க வேண்டும் என்பதோடு, நீண்ட நாள் கொடுப்பதே நல்லது என்றும் நான் எண்ணியிருந்தேன். அப்படியன்று. துணைவிலங்குகளின் தொற்றுநோய்களுக்கான சர்வதேசச் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, எப்போதோ ஒரு முறை வரும் எளிய தொற்றுக்கு மூன்று முதல் ஐந்து நாள் மருந்தே போதும். நோய்க்குறி ஒன்றுமில்லாமற் சோதனையில் மாத்திரம் கிருமி தென்பட்டால், பெரும்பாலும் மருந்தே தேவையில்லை. எத்தனை நாள், எந்த அளவு என்பதை வைத்தியரே தீர்மானித்தல் வேண்டும். பிஸ்கற் பேணி தீர்மானிக்கலாகாது.

2023 செப்டெம்பரில் ரோசி மறுபடியும் குந்தத் தொடங்கினாள். எங்கள் வீட்டில் அன்று நிலவிய அமைதியை நான் மறக்கமாட்டேன். உடனே கொண்டுபோனோம். ஊசி, சோதனை, படம். கல் இல்லை. கிருமியும் பழையதன்று. பழைய கிருமியே திரும்பி வந்திருந்தால், உள்ளே எங்கோ அதற்கு இன்னும் ஒரு ஒளிப்பிடம் உண்டென்று பொருள். புதுக் கிருமியாயின், வெளியிலிருந்து புதிதாக வந்த தொற்று. சோதிக்காமல் இவ்விரண்டையும் வேறுபடுத்தல் இயலாது. ஐந்து நாட் குளிசையோடு சுகமானாள். அதன் பின் வரவில்லை.

இக்கட்டுரைக்கு அம்மாவின் அனுமதியைக் கேட்டேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "என்ர கதையைத் தனிய எழுதாதை. நாயின்ர கதையோடை சேர்த்து எழுது, ஒருதரும் கவனிக்கமாட்டினம்" என்றார்.

கொட்டில் இப்போது தேங்காய்மட்டை வைக்கும் இடம். ரோசி விறாந்தையிலே படுக்கிறாள். நள்ளிரவில் ஒரு முறை முற்றத்துக்கு இறங்க வேண்டும். அந்நேரத்துக்கு அம்மாவுக்கும் எழும்ப வேண்டியிருப்பதாற் கதவைத் திறந்துவிடும் பொறுப்பை அவரே ஏற்றுக்கொண்டிருக்கிறார். சுவாமி அறைப் பக்கம் வரக்கூடாது என்ற சட்டத்தில் மாத்திரம் மாற்றமில்லை. காலையிலே நான் பாடசாலைக்குப் புறப்படும்போது, நாயின் தண்ணீர்ச் சட்டியை நிரப்பிக்கொண்டே கணக்கை ஒப்புவிப்பார்:

"தம்பி, ராத்திரி ரோசி ஒருதரம்தான். நான் ரண்டு தரம்."